பூக்கட்டிப் பார்க்கும் பெட்டி

அகரம்,
சனிக்கிழமை.

அன்பு மகள் இளவேனிலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசில் உள்ள குறைகளைக் கீழே எழுதுகிறேன். நீ படிக்கிற கவுகாத்தியில் மழை என்று டிவியில் சொன்னார்கள், நீ நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம், நம்பத்தான் முடியும், பார்க்கவா முடிகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். என் போனில் காதில் வைத்துக் கேட்பது நின்று ரொம்ப நாளாகிவிட்டது, ஸ்பீக்கர் போட்டால்தான் பேச்சு வரும், அதுவும் திருவிழாக் குழாய் மாதிரி வரும். சுவருக்கு அந்தப் பக்கம் உன் பெரியப்பா பொன்னுத்துரை படுத்துக்கொண்டு நாம் பேசுவதை எல்லாம் கேட்டுவிட்டு, சாயங்காலம் வந்து அதை நமக்கே சேதியாகச் சொல்கிறார். அவர் காதுக்குப் போகக்கூடாத சங்கதி இதில் இருக்கிறது. நீ நார்வே போய் ரெண்டு வருசம் மேல்படிப்புப் படிக்கலாமா கூடாதா என்று நேற்று வெள்ளிக்கிழமை கருப்பணசாமி கோயிலில் கேட்டாகிவிட்டது. சாமி என்ன சொன்னது என்பது கடைசியில் வரும். உனக்கு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் உண்டு, இதில் புரட்டாதே. மாதக் கடைசிக்குள்தானே நீ அவர்களுக்குப் பதில் எழுத வேண்டும், அதற்குள் ஸ்பீட் போஸ்ட் வந்துவிடும்.

முதலில் குறைகள். நீ உன்னைப் பற்றி இன்டர்நெட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பதை ஸ்டான்லி தன் ஜெராக்ஸ் கடையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினான். இங்கிலீஷில் இருந்ததை அவன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, யாரோ ஒரு பெண்ணின் கதை என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், போட்டோவைப் பார்த்த பிறகுதான் அது நம் வீட்டுப் பெண் என்று தெரிந்தது. எளிய கிராமத்துப் பின்னணி என்று போட்டிருக்கிறாய். அகரம் பேரூராட்சி என்று ரோட்டோரம் ஆள் உயரத்துக்கு போர்டு வைத்திருக்கிறார்கள், நீ அதைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போனாய். சின்னப் பட்டறை ஒன்றில் வளர்ந்தேன் என்று எழுதியிருக்கிறாய். இளவேனில் மோட்டார் ரீவைண்டிங் என்று உன் பெயரிலேயே கடை இருக்கிறது, ஒரே நேரத்தில் மூன்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக் கம்பிக் காயில் கட்டலாம், நாலாவது வந்தால் ரோட்டில் வைக்க வேண்டும் என்பது வேறு விசயம். ஸ்டான்லி என்னைச் சமாதானப்படுத்தினான், அண்ணே, ஏழ்மையா எழுதுனாத்தாண்ணே வெளிநாட்டுக்காரன் சீட்டுக் குடுப்பான் என்றான். அப்படியென்றால் சரி, ஆனால் பட்டறையைக் கடை என்று மாற்றிவிடு.

அடுத்தது, தானே கற்றுக்கொண்டவள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாயே, அதைக் கேட்டதும் ஸ்டான்லி முகம் சுருங்கிவிட்டது. காலையில் கடைக்கு ஆள் வருவதற்கு முன்னால் அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நீ தட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு மறக்குமா, ஆதார் அட்டை அச்சடிக்க வந்தவர்களை எல்லாம், பிள்ள படிக்கிது, செத்த நேரம் பொறுங்க என்று வாசலிலேயே நிறுத்தியவன் அவன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் சௌகத் அலி பாய் செத்துப்போன போன்களை ஒரு பையில் சேர்த்து வைத்து உனக்குக் கொடுத்துவிட்டார். நீ பழைய ரேடியோவைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தபோது உன் அம்மா டார்ச் பிடித்தாள், கை வலிக்கிறது என்று சொன்னதற்கு, அசையாதம்மா என்று அவளை அதட்டியதும் நீதான். உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது வாஸ்தவம், சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தானே என்ற வார்த்தைக்குள் இத்தனை பேரை உட்காரவைத்தால் நெருக்கடியாக இருக்குமா இல்லையா, யோசித்துப் பார்.

பொழுதுபோக்கு மலையேற்றம் என்று இருந்தது. சிறுமலைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது முதல் வளைவிலேயே வாந்தி எடுத்து, டீச்சர் புடவையையும் நாசம் பண்ணி, கீழேயே இறங்கிக்கொண்டவள் நீ. பழனியில் இன்றைக்கும் நமக்கு விஞ்ச்தான். போகட்டும், வடக்கே போய் மலை ஏறிப் பழகியிருக்கலாம். விவசாயிகளுக்கான நீர்ப்பாசனத் தகவல் கருவி என்று ஸ்டான்லி படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா கிணற்றில் மும்முனைக் கரண்ட் வந்தால் அவருக்குப் போன் அடிக்கும் என்று ஒன்றை மாட்டினாயே, அதுதான். கரண்ட் வந்தாலும் அடித்தது, போனாலும் அடித்தது, லேசாக மினுக்கினாலும் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. அவர் திரும்பக் கூப்பிட்டு, யாருலே நீ, பேசித் தொலையேன் என்று பகல் முழுக்கத் தன் சொந்த மோட்டாரையே வைதுகொண்டிருந்தார். அந்தக் கோபம் அவருக்கு உன்மேல் இன்னும் இருக்கிறது. அப்புறம் குரல் வழி வரவேற்பு என்று ஒன்று. நம் வீட்டு வாசலில் யார் வந்தாலும், வாங்க, உக்காருங்க, அம்மா இந்தா வந்துருவாங்க என்று உன் குரலிலேயே பேசும். உன் அம்மா தாடிக்கொம்புக்குப் போயிருந்த அன்றைக்கு வத்தலக்குண்டு அத்தை அதை நம்பி மத்தியானம் வரை உட்கார்ந்திருந்து, ஒரு வாய்த் தண்ணி குடுக்கல என்று கோபித்துக்கொண்டு போனவர் உன் சடங்குப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுதான் பேசினார். பக்கத்து வீட்டு ஆடு மட்டும் அந்த அழைப்பை மதித்துத் தினமும் வந்தது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். பாரபட்சம் இல்லாமல் முடிவு சொல்லும் சாதனம், தினமும் ஏராளமானோர் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன என்று உன் பக்கத்தில் விளக்கமே இல்லை, நார்வேக்காரனுக்கு எப்படிப் புரியும். நான் எழுதித் தருகிறேன், சேர்த்துக்கொள். எங்கள் ஊரில் கல்யாணம் என்றாலும், கிணறு வெட்டுவதென்றாலும், தூரதேசம் போவதென்றாலும் கருப்பணசாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், ரெண்டையும் சாமி முன்னால் போட்டு ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. இதில் சாமிக்கும் பஞ்சமில்லை, பூவுக்கும் பஞ்சமில்லை, பிள்ளைக்குத்தான் பஞ்சம் வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் காலையிலேயே வேன் வந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, பூசாரி சடையாண்டி பொட்டலத்தைப் போட்டுவிட்டு எடுக்க ஆளில்லாமல் ஞாயிற்றுக்கிழமை வரை சாமியைக் காக்கவைத்தார். நீ பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த லீவில், பிள்ளைக்குப் பதிலாக ஒரு பெட்டி செய்து கொடுத்தாய். ஒரு பொத்தான், ஒரு வெள்ளை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு, அழுத்தினால் ஏதோ ஒன்று எரியும். கரண்ட் போனாலும் அணையக்கூடாது, பேட்டரியிலேயே ஓடட்டும் என்று நான் கடையிலிருந்து ஒன்று கொடுத்தேன், அதையும் உன் பக்கத்தில் குறிப்பிடவில்லை.

நீ படிக்கப் போன பிறகு அது அடைந்திருக்கும் நிலைமையைச் சொன்னால் நம்பமாட்டாய். எளிமையான தோற்றம் என்று போட்டிருக்கிறாய், இப்போது அதற்குச் சந்தனம், குங்குமம், சின்னதாக ஒரு பட்டுத்துண்டு எல்லாம் உண்டு. யாருக்கோ வேண்டுதல் பலித்ததென்று வெள்ளிக் கண்மலர் வாங்கி விளக்குகளுக்கு மேலே ஒட்டிவிட்டார்கள், அதனால் உன் பெட்டி நம்மைப் பார்க்கிறது. முன்பெல்லாம் பூக்கட்டிப் பார்க்க நாள் பார்க்க வேண்டும், விரதம் இருக்க வேண்டும், அதனால் ஜனங்கள் பெரிய காரியத்துக்குத்தான் வருவார்கள். பொத்தான் வந்த பிறகு கேள்விகள் பெருத்துவிட்டன. கோயில் பக்கத்து வீட்டு மூக்காயி தினமும் காலையில் வந்து, இன்னைக்கு வெஞ்சனம் கத்திரிக்கா வைக்கவா என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்கிறாள். ஒரே காரியத்தை சாமியிடம் ரெண்டு தடவை கேட்கக்கூடாது என்பது சடையாண்டி போட்ட சட்டம். நம் வார்டுக்காரர், அதான் கவுன்சிலர், கட்சி மாறலாமா என்று கேட்டார், சிவப்பு வந்தது. மறுநாள் வந்து வேறு கட்சி பெயரைச் சொல்லிக் கேட்டார், அதுக்கும் சிவப்பு. இது வேற காரியந்தானப்பா, கட்சிதான் வேறயாச்சே என்று சொல்லி ஒவ்வொரு கட்சியாக வெள்ளை வரும்வரை கேட்டு, கடைசியில் வெள்ளை வந்தது அவர் ஏற்கனவே இருந்த கட்சிக்கு. இதைத்தான் நீ ஏராளமானோர் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய், அது மட்டும் சத்தியம்.

பாரபட்சம் இல்லாமல் என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. போன தையில் நீ போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தது ஞாபகம் இருக்கிறதா. காலேஜில் பாடம் கேட்ட பிறகுதான் தெரிந்ததாம், அந்தப் பெட்டிக்கு எழுதிய புரோகிராமில் ஒரு வரியை விட்டுவிட்டாயாம், அதனால் பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் அது தான் சொன்னதை எல்லாம் மறந்து அதே வரிசையில் முதலிலிருந்து சொல்ல ஆரம்பிக்குமாம், எப்போது போட்டாலும் முதல் அழுத்தலுக்கு வெள்ளைதான் எரியுமாம். அடுத்த லீவுக்கு வந்து சரிபண்ணிடுறேம்பா, யார்ட்டயும் சொல்லாத என்றாய். நீ வரவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. பேட்டரி இருப்பதால் பெட்டி அணைந்ததே கிடையாது, ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நல்ல வேளையாக உன் பெரியப்பா அன்றைக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார்.

நார்வேயில் இடம் கிடைத்திருக்கிறது என்று நீ சொன்ன அன்றையிலிருந்து இந்த வீட்டில் நிம்மதியாக ஒரு நேரச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா போகக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். அங்கே மாசக்கணக்கில் சூரியனே வராது என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள், வெயிலே இல்லாத ஊருல எம்பிள்ள துணிய எங்க காயப்போடும் என்று கேட்டுக் கேட்டு அழுதாள். எனக்கு உன்னை அனுப்ப வேண்டும் என்றுதான் ஆசை, ஆனால் அவளை எதிர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் பெரியப்பாவுக்கு வேறு கணக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிசன் மண்டி வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டை அவர் பிடித்து வைத்திருக்கிறார், அந்தப் பையனின் அம்மா என் போனுக்கே கூப்பிட்டு, ஏனுங்க, பொண்ணு எப்ப ஊருக்கு வருதுங்க என்று மரியாதையாகத்தான் கேட்டார், ஸ்பீக்கரில் ஊரே கேட்டது. பெரியப்பா வந்து, ஏலே, சாமிட்டக் கேட்ருவோம், அவ செஞ்ச பொட்டியிலயே கேப்போம், அப்பறம் அவளே கொறை சொல்ல முடியாதுல்ல என்றார். என்னை மடக்குவதாக அவர் நினைத்தார், நான் அவரை மடக்குவதாக நினைத்து உடனே சம்மதித்தேன். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் பேட்டரி வயரைப் பிடுங்கிச் சொருகிவிட வேண்டியது, பிறகு யாரையும் பொத்தான் பக்கம் விடாமல் நிற்க வேண்டியது, இதுதான் என் திட்டம். சாமி விசயத்தில் இப்படிச் செய்யலாமா என்று என்னைக் கேட்காதே, அந்த வரியை விட்டது நீ.

நான் போனால் உன் பெரியப்பா நடை திறக்கும்போதே வந்து நிற்கிறார். சும்மா நிற்கவில்லை, போர் போட வடமேற்கா தென்கிழக்கா, எந்த மாசம், எந்த ஊர் வண்டி என்று தன் கேள்விகளை எல்லாம் கேட்டுப் பொத்தானை அழுத்தி முடித்திருந்தார். எத்தனை தடவை என்று சடையாண்டியிடம் நைசாகக் கேட்டேன், யாருப்பா எண்ணுனா, அவரு அமுக்குன அமுக்குல பொத்தானே உள்ள போயிருச்சு என்றார். இனி வெள்ளை வருமா சிவப்பு வருமா என்று உனக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும். வயர் பக்கம் நகரலாம் என்று பார்த்தால் பெரியப்பா என் தோளில் கைபோட்டு, நம்ம ரெண்டு பேரும் தள்ளி நிப்போம்லே, பெத்தவ கேக்கட்டும் என்று என்னைத் தூணுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். போகாதே என்று அழுகிறவள் கை பட்டால் சாமிக்கு அவள் மனசு தெரியும் என்பது அவர் நம்பிக்கை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன் தாயி. நீ ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து சோறு தின்னாமல் தட்டிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு விளக்கில் முடியப்போகிறது என்று நினைத்தேன்.

உன் அம்மா குடத்தையும் விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். சாமி முன்னால் குப்பையாகக் கிடக்கிறது என்று சொல்லிப் பெட்டியைச் சுற்றிக் கூட்ட ஆரம்பித்தாள். கூட்டுகிறாள், கூட்டுகிறாள், அந்த இடத்தில் அவ்வளவு குப்பையும் இல்லை. அப்போது அவள் கால் பட்டு பேட்டரி வயர் பிடுங்கிக்கொண்டது. பெட்டி அணைந்துவிட்டது, சடையாண்டி ஐயோ சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்ன பொட்டி செஞ்சிருக்கா, ஒரு வயர ஒழுங்கா மாட்டத் தெரியல, இவள்லாம் நார்வேக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போறா என்று உன்னை வைதுகொண்டே, வீட்டில் மிக்சி பிளக்கைக்கூட என்னைத்தான் சொருகச் சொல்லுகிறவள், குனிந்து அந்த வயரை அதன் இடத்தில் சொருகினாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கண்ணை மூடி, பொத்தானை அழுத்தினாள். வெள்ளை.

உன் பெரியப்பா சும்மா விடவில்லை, வயரு கழண்டுருச்சு, இது செல்லாது, இன்னொருக்கா அமுக்கு என்றார். சடையாண்டி, சாமிட்ட ஒரு காரியத்த ரெண்டு தடவ கேக்கக்கூடாது, ஒங்களுக்கு ஒன்னு வார்டுக்காரருக்கு ஒன்னு சட்டம் கிடையாது என்று பட்டுத்துண்டை எடுத்துப் பெட்டியை மூடிவிட்டார். ஆகவே நீ போகலாம். அவர்களுக்கு இன்றைக்கே எழுதிவிடு.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா மொச்சை உரிக்க உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, வெளியில் காட்டவும் பயம். பாவம், அவளுக்குத் தெரியாமலே அவள் காலால் இப்படி ஆகிவிட்டதே என்று ஆறுதல் சொல்லப் போனேன், சாமியே சொல்லிருச்சு, இனி நாம என்ன செய்ய முடியும் என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல், ஏங்க, ஒங்க போனு ஸ்பீக்கர்லதான பேசும் என்றாள். போன தையில் நீ சிரித்துச் சிரித்துச் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கிறது. அவளே மறுபடி சொன்னாள், நான் போகாதன்னு சொன்னது சொன்னதுதான், நாளைக்கு யாரும் என்னையக் கேக்கக்கூடாது, அனுப்புனது சாமி என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் காந்துது என்றாள். முறத்தில் இருந்தது மொச்சை.

பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தனிப் பார்சலில் வருகிறது, அறைத்தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு நீ வெறும் பாட்டிலை வைத்துக்கொண்டிருக்காதே. குளிருக்கு நல்ல கம்பளி வாங்கு, விலை குறைவாக இருக்கிறது என்று எதையாவது வாங்காதே. ஸ்டான்லி பெயரையும் பாய் பெயரையும் உன் பக்கத்தில் ஓரமாகவாவது போடு. அம்மா டார்ச் பிடித்ததையும் போடு. பெட்டி விசயமாக ஒன்றே ஒன்று மறக்கக்கூடாது. நீ புறப்படும் முன் ஊருக்கு வரும்போது அந்த விட்டுப்போன வரியை எழுதுகிறேன் என்று கோயில் பக்கம் போய்விடாதே. ரெண்டு வருசம் கழித்து நீ அங்கேயே இருப்பதா, இங்கே திரும்பி வருவதா என்று கேள்வி வரும். அன்றைக்கும் தானேதான் போய்க் கூட்டப்போவதாக உன் அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

கருப்பணசாமி உனக்கு எந்நாளும் துணை இருக்கட்டும், போகிற இடமெல்லாம் பேரோடு இரு, நூறு வருசம் நன்றாக இரு.

உன் அன்பு அப்பா,
பழனிக்குமார்
(சின்னப் பட்டறை அல்ல, கடை)